புரூக் அம்மையார்

மனிதனுக்காக உழைத்த விலங்குகளுள் குதிரைக்குத் தனிச் சிறப்பு உண்டு. எருது வயலை உழுதது. பசு பால் பொழிந்தது. குதிரையோ மன்னரைச் சுமந்து சென்று நாடுகளின் எல்லைகளையே மாற்றி அமைத்தது. தேசிங்கு ராஜன் கதையைக் கேட்டவர் அவனுடைய குதிரையையும் மறப்பதில்லை. நம் சிற்றூர்களில் ஐயனார் கோயிலின் முன்னே சுடுமண் குதிரைகள் இன்றும் தலை நிமிர்ந்து நிற்கின்றன. எனினும், குதிரையைப் போற்றுதல் வேறு, பேணுதல் வேறு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ என்னும் வெனிஸ் நகர வணிகர், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் மேலைக்கடல் வழியே அங்கு வந்திறங்கியதைக் குறித்துள்ளார். அவற்றைப் பேணும் முறை அறிந்தோர் இன்மையால் பெரும்பாலானவை விரைவிலேயே மாண்டன என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. வேண்டியபோது விலை கொடுத்து வாங்குவதும், வேண்டாதபோது மறந்துவிடுவதும் மனிதரின் பழைய வழக்கம். அவ்வாறு மறக்கப்பட்ட குதிரைகளை நினைந்து, தேடிக் கண்டுபிடித்து, அவற்றிற்குப் புகலிடம் அமைத்த பெருமாட்டி ஒருவர் உண்டு. அவரே டாரத்தி புரூக் அம்மையார்.

அம்மையார் 1883-ஆம் ஆண்டு பிறந்தார். கிப்சன் கிரெய்க் என்னும் ஸ்காட்லாந்துக் குடும்பத்தின் வழிவந்தவர். அவருடைய கணவராகிய ஜெப்ரி புரூக் பிரிட்டானியக் குதிரைப்படையில் உயர்நிலை எய்தியவர். குதிரையேற்றக் கலையைப் பற்றி நூல்கள் எழுதியவர். 1930-ஆம் ஆண்டில் எகிப்து நாட்டிலிருந்த பிரிட்டானியக் குதிரைப்படைப் பிரிவுக்கு அவர் தலைவரானார். அம்மையாரும் அவருடன் கெய்ரோ நகரம் சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு ஏறத்தாழ நாற்பத்தேழு வயது. படைத்தலைவரின் துணைவியார்க்கு அந்நாளில் விருந்துக்கும் கேளிக்கைக்கும் குறைவில்லை. ஆனால், அம்மையாரின் உள்ளத்தை வேறொரு வினா உறுத்திக்கொண்டிருந்தது. உலகப் போரில் பிரிட்டானியப் படையோடு எகிப்துக்கு வந்த குதிரைகள் பின்னர் என்ன ஆயின என்பதே அவ்வினா.

அவ்வினாவின் பொருளை அறிய, அப்போரின் வரலாற்றைச் சிறிது நினைவுகூர்தல் வேண்டும். 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில் பீரங்கிகளும் விமானங்களும் பயன்பட்டன. ஆயினும் சேற்றிலும் மணலிலும் படைகளைச் சுமந்தவை குதிரைகளும் கோவேறு கழுதைகளுமே. அப்போரில் மாண்ட குதிரை, கழுதை, கோவேறு கழுதைகளின் தொகை 80 இலட்சம் இருக்கும் என்பர். எகிப்திலும் பாலஸ்தீனத்திலும் குதிரைப்படைகள் பாலைவனம் கடந்து போரிட்டன. 1917-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் பீர்செபா என்னும் ஊரை ஆஸ்திரேலியக் குதிரைவீரர் பாய்ந்து கைப்பற்றினர். 1918-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் ஹைபா நகரை ஜோத்பூர், மைசூர் ஆகிய இந்திய அரசுகளின் ஈட்டிவீரர்கள் குதிரைமீது சென்று வென்றனர். தில்லி மாநகரில் தீன் மூர்த்தி என வழங்கும் மூன்று வீரர் சிலைகள் அப்பகுதியில் போரிட்ட இந்தியக் குதிரைப்படையினரின் நினைவாக எழுந்தவையே.

வென்ற வீரர்களுக்குச் சிலைகள் எழுந்தன. அவர்களைச் சுமந்த குதிரைகளின் நிலையோ இரங்கத்தக்கது. போர் முடிந்ததும் வீரர்கள் கப்பலேறித் தாயகம் திரும்பினர். குதிரைகளைத் திருப்பி அனுப்பக் கப்பல்களும் போதவில்லை, செலவும் மிகுதி, அயல்நாட்டு நோய்கள் தம் நாட்டுக் கால்நடைகளைத் தொற்றிவிடுமோ என்ற அச்சமும் இருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து போர்க்களங்களுக்குச் சென்ற ஏறத்தாழ 1,36,000 குதிரைகளுள் ஒன்றே ஒன்றுதான் தன் நாடு திரும்பியது என்பது வரலாறு. எகிப்தில் எஞ்சியிருந்தவற்றுள் முதியனவும் நோயுற்றனவும் சுட்டுக் கொல்லப்பட்டன. உடல்வலிமை உடையவை பல்லாயிரக்கணக்கில் அந்நாட்டு மக்களுக்கு விற்கப்பட்டன. விற்ற பணம் அரசின் கணக்கில் சேர்ந்தது. கணக்கு முடிந்ததும் நினைவும் முடிந்தது.

பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தபின் அந்தக் கணக்கை மீண்டும் திறந்து பார்த்தவர் புரூக் அம்மையார்.

கெய்ரோவின் அகன்ற வீதிகளில் அவர் தேடிய குதிரைகள் எளிதில் கண்ணிற் படவில்லை. நகரத்தின் குறுகிய சந்துகளிலும், கல் வெட்டும் இடங்களிலும், சுமை வண்டிகளின் நுகத்தடியிலும் அவை மறைந்து கிடந்தன. அவற்றை அடையாளம் காண இரண்டு வழிகள் இருந்தன. படையில் சேர்க்கப்பட்ட குதிரையின் உடம்பில் அம்பு வடிவான சூட்டுக்குறி இடப்பட்டிருக்கும். எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் அக்குறி அழிவதில்லை. மற்றொன்று அதன் பற்கள். குதிரையின் பற்கள் தேயும் முறையைக் கொண்டு அதன் வயதைக் கணிப்பது குதிரை வல்லார் அறிந்த கலை. போரில் பணி செய்த குதிரை எதுவும் 1930-ஆம் ஆண்டில் இளமையோடு இருந்திருக்க முடியாது. பெரும்பாலானவை இருபது வயதைக் கடந்தவை. நன்கு பேணப்படும் குதிரையே இருபத்தைந்து முதல் முப்பது ஆண்டுகள் வாழ்வது இயல்பு. கடும் உழைப்பிற்கு உட்பட்ட குதிரைக்கு இருபது வயது என்பது தள்ளாத முதுமையே ஆகும்.

விலங்குகளுக்குக் கொடுமை நேராமல் காக்கும் சங்கம் ஒன்று கெய்ரோவில் இருந்தது. அங்குச் சென்ற அம்மையார் ஒரு முதிய போர்க்குதிரையைக் கண்டார். எலும்பும் தோலுமாய், கால்கள் வளைந்து, தலை தாழ்ந்து நின்றது அக்குதிரை. ஓல்டு பில் என்னும் பெயரால் அது பின்னாளில் அறியப்பட்டது. ஒரு காலத்தில் கொம்பொலி கேட்டுக் காது நிமிர்த்திய குதிரை, இப்பொழுது யார் அருகில் வந்தாலும் அசையாது நின்றது. அம்மையார் அதனை விலைக்கு வாங்கினார். அதன் நோயை மருந்தால் தீர்க்கும் காலம் கடந்துவிட்டிருந்தது. ஆகவே, துன்பமின்றி அதன் உயிர் நீங்க வழிசெய்தார். ஒரு குதிரையின் துயரம் தீர்ந்தது. ஆனால், அதுபோன்றவை இன்னும் எத்தனையோ இருந்தன. அவை அனைத்தையும் வாங்குவதற்கு ஒருவருடைய கைப்பொருள் போதாது என்பதை அம்மையார் உணர்ந்தார்.

இரக்கம் கொண்டவர் உலகில் பலர். அவர்கள் தனித்தனியே பெருமூச்சு விட்டால் ஒரு பயனும் இல்லை. ஒன்று கூடினால் பெரும்பணி நிகழும். எனவே அம்மையார் மக்களின் உதவியை நாடினார். 1931-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இலண்டனிலிருந்து வெளிவந்த மார்னிங் போஸ்ட் என்னும் நாளிதழுக்குக் கடிதம் ஒன்று விடுத்தார். அக்கடிதத்தில் அலங்காரச் சொற்கள் இல்லை. எகிப்தில் நூற்றுக்கணக்கான முதிய படைக்குதிரைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவை நாட்டிற்காகப் பாடுபட்டவை. அவற்றின் இறுதி நாள்களையேனும் துன்பமின்றிக் கழியச் செய்வது நம் கடமை என்பதே அதன் கருத்து. கடிதம் வெளிவந்ததும் மக்களின் நெஞ்சம் நெகிழ்ந்தது. முன்பின் அறியாத பலர் பொருள் அனுப்பினர். உதவி வந்து குவிந்தது.

பணம் வந்தவுடன் பணி எளிதாகிவிடவில்லை. பெற்ற பொருளுக்குக் கணக்கு வேண்டும்; பணியைப் பகிர்ந்து செய்யக் குழு வேண்டும்; குதிரைகளை நிறுத்த இலாயம் வேண்டும்; மருத்துவர் வேண்டும்; நாள்தோறும் தீனியும் தண்ணீரும் கொடுத்துப் பேணும் பணியாளர் வேண்டும். அம்மையார் குழு ஒன்றை அமைத்தார். கணவர் துணை நின்றார். விலங்கு மருத்துவரும் சங்கத்தாரும் உடன் உழைத்தனர். முதிய படைக்குதிரை வைத்திருப்போர் குறித்த நாளில் அதனைக் கொண்டுவந்தால் தக்க விலை கிடைக்கும் என்னும் செய்தி நகரெங்கும் பரவியது. வண்டிக்காரர்கள் குதிரைகளை ஓட்டிவந்து வரிசையாக நின்றனர். நொண்டி வந்தவையும், கண் இழந்தவையும், சேணம் அழுந்திய இடமெல்லாம் புண்ணானவையும் அவ்வரிசையில் இருந்தன.

அவ்வாறு வாங்கிய குதிரைகளை என் செய்வது என்பதே அம்மையாரின் வாழ்வில் எழுந்த மிகக் கடினமான வினா. அனைத்தையும் உயிரோடு வைத்திருந்தால், வலியோடு வாடும் முதிய உயிர்களின் துன்பத்தை நீட்டித்தது ஆகும். மேலும், அவற்றின் தீனிக்கே பணமெல்லாம் செலவாகி, வெளியில் துன்புறும் ஏனைய குதிரைகளை மீட்க வழியில்லாமற் போகும். மீண்டும் விற்பதோ எண்ணவும் கூடாத செயல். ஆகவே, தேறும் நிலையைக் கடந்த குதிரைகளுக்குச் சில நாள் முழு ஓய்வு கொடுத்து, வயிறார உணவளித்து, பின்னர் வலியின்றி உயிர் நீங்கச் செய்வதே தக்கது என அவர் துணிந்தார். மென்மையான படுக்கையாகப் பரப்பிய வைக்கோலின்மீது கால் வைக்கவும் அக்குதிரைகள் முதலில் தயங்கினவாம். பல ஆண்டுகள் கல்லிலும் மண்ணிலும் நின்றே பழகிய கால்கள் அவை. பின்னர் மெல்லத் தலை தாழ்த்தி அதனை முகர்ந்து பார்த்து, நெடுநாள் மறந்திருந்த இலாயத்தை நினைவுகொண்டனபோல் அமைதியுற்றன.

அன்பு கொண்ட ஒருவர் தாம் நேசிக்கும் உயிர்க்கு மரணத்தை வேண்டுவது எளிய செயல் அன்று. அம்மையார் ஒவ்வொரு குதிரையையும் தாமே பார்த்தார். அவற்றின் நிலையை நாட்குறிப்பில் எழுதி வைத்தார். தம் உள்ளம் வருந்தும் என்பதற்காக இலாயத்தை விட்டு விலகி நின்றாரல்லர். மூன்றாண்டுகளில் 5,000 குதிரைகள் இவ்வாறு வாங்கப்பட்டன. அவற்றுள் மிகப் பலவும் தம் இறுதி நாள்களை நிழலிலும் அமைதியிலும் கழித்தன.

இப்பணியின் ஊடே அம்மையார் மற்றோர் உண்மையைக் கண்டறிந்தார். குதிரையின் துன்பத்திற்கு அதன் உடைமையாளரின் கல்நெஞ்சே காரணம் என்று வெளியில் நின்று பார்ப்போர் எளிதில் கூறிவிடுவர். அருகில் சென்று பார்த்தால் காட்சி வேறாகிறது. வண்டிக்காரர் ஏழை. அன்றன்று கிடைக்கும் கூலியில் அவர் குடும்பமும் உண்ண வேண்டும். குதிரையும் உண்ண வேண்டும். சேணம் பட்டுக் குதிரைக்குப் புண் உண்டானால், சில நாள் ஓய்வு கொடுத்தாலே அது ஆறிவிடும். ஆனால், ஒருநாள் வண்டி ஓடாவிட்டால் அன்று அடுப்பு எரியாது. ஆகவே, புண்ணின்மேலேயே மீண்டும் சேணம் ஏறுகிறது. புண் பெருகுகிறது, குதிரை மெலிகிறது, சுமக்கும் பாரம் குறைகிறது, கூலியும் குறைகிறது. கூலி குறைந்தபின் தீனியும் குறைகிறது. இவ்வாறு வறுமையும் நோயும் ஒன்றையொன்று வளர்த்து, மனிதனையும் விலங்கையும் ஒரே கயிற்றால் கட்டிவிடுகின்றன.

இதனை உணர்ந்த அம்மையார் வண்டிக்காரர்களைப் பழித்தாரல்லர். குதிரையைக் கொடுத்தவர் வெறுங்கையோடு திரும்பினால், அவருடைய குடும்பம் வாடும் என்பதை அவர் அறிவார். ஆதலின் விலை கொடுப்பதில் அவர்களின் பிழைப்பையும் கருதினார். போர்க்குதிரைகள் சில ஆண்டுகளில் மறைந்துவிடும். அவற்றின் இடத்தில் வேறு குதிரைகளும் கழுதைகளும் அதே நுகத்தடியில் பூட்டப்படும். அதே துன்பம் தொடரும். முதியவற்றை வாங்குவது வெளிப்பட்ட துயருக்கு மருந்து. துயரம் பிறவாமல் தடுப்பதற்கு நிலையான ஓர் அமைப்பு வேண்டும். இவ்வெண்ணத்தின் விளைவாக 1934-ஆம் ஆண்டில் கெய்ரோவில் முதிய போர்க்குதிரைகள் நினைவு மருத்துவமனை தோன்றியது.

பெயரில் போர்க்குதிரைகளின் நினைவு இருந்தபோதிலும், அம்மருத்துவமனையின் கதவு உழைக்கும் எல்லா விலங்குகளுக்கும் திறந்திருந்தது. வண்டிக் குதிரையும், சுமை தாங்கும் கழுதையும், கோவேறு கழுதையும் அங்குக் கட்டணமின்றி மருத்துவம் பெற்றன. குளம்பு வளர்ந்து நடக்க இயலாத விலங்கிற்குக் குளம்பைச் செதுக்கி இலாடம் கட்டினர். புண்ணைக் கழுவி மருந்திட்டனர். வண்டிக்காரர் அஞ்சி ஒதுங்காமல் தாமாகவே வந்து தம் விலங்கைக் காட்டும் இடமாக அது விளங்கியது. தண்டிப்பதற்காக அன்றித் துணை செய்வதற்காக அமைந்த இடம் என்பதை ஊரார் உணர்ந்தபோதுதான் அப்பணி வேரூன்றியது எனலாம். அயல்நாட்டுப் பெண்மணி தொடங்கிய அம்மருத்துவமனையை எகிப்திய மருத்துவர்களும் பணியாளர்களும் தம்முடையதாகவே கருதி நடத்தினர்.

அம்மையார் 1955-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தம் எழுபத்திரண்டாம் வயதில் இயற்கை எய்தினார். மறு ஆண்டே சூயஸ் கால்வாயைப் பற்றி எழுந்த பூசலால் பிரிட்டனும் எகிப்தும் போர்க்களத்தில் எதிர்நின்றன. இரு நாடுகளின் உறவு முறிந்த அக்காலத்தையும் மருத்துவமனை கடந்து நின்றது. 1960-ஆம் ஆண்டு அம்மையாரின் நாட்குறிப்புகள் நூலாக வெளிவந்தன. 1961-ஆம் ஆண்டு முதல் அம்மருத்துவமனை அவருடைய பெயராலேயே புரூக் விலங்கு மருத்துவமனை என வழங்கலாயிற்று. பின்னர் அதன் பணி ஜோர்டான், பாகிஸ்தான், இந்தியா முதலிய நாடுகளிலும் ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் பரவியது.

நம் நாட்டில் இப்பணி நடைபெறும் முறை அறியத்தக்கது. வட இந்தியாவில் செங்கற்சூளைகளில் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் கல் சுமக்கின்றன. அவற்றை வைத்துப் பிழைப்போர் சிற்றூர்தோறும் குழுவாகக் கூடுகின்றனர். பெண்களும் அக்குழுக்களில் பங்குகொள்கின்றனர். சிறுசிறு தொகை சேமித்து, தடுப்பூசிக்கும் தீனிக்கும் இலாடத்திற்கும் பயன்படுத்துகின்றனர். ஒருவர் மற்றொருவருடைய விலங்கைப் பார்வையிட்டு, அதன் குறையை நட்போடு எடுத்துரைக்கின்றனர். வெளியிலிருந்து வரும் மருத்துவர் என்றும் உடனிருக்க இயலாது; ஊராரே காவலரானால் விலங்கிற்கு என்றும் காவல் உண்டு.

சட்டத்தின் துணையும் இதற்கு வேண்டும். மாநிலங்களவையில் உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் விலங்குகளுக்காக வாதாடியதன் பயனாக, 1960-ஆம் ஆண்டில் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இந்தியாவில் நிறைவேறியது. அதன்கீழ் 1965-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட விதிகள், வண்டி இழுக்கும் விலங்கையும் சுமை தாங்கும் விலங்கையும் நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது என்று கூறுகின்றன. ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேலும் வாங்கலாகாது. வெப்பம் 37 பாகையைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை அவற்றிற்கு ஓய்வு தரல் வேண்டும். தமிழ்நாட்டு இரயில் நிலையங்களின் முன் வரிசையாக நின்ற ஜட்கா வண்டிகள் இன்று அரியவை ஆகிவிட்டன. ஆயினும், சென்னைக் கடற்கரையிலும் உதகமண்டலத்திலும் மக்களை ஏற்றிச் செல்லும் குதிரைகளை இன்றும் காணலாம். வெயிலில் நிற்கும் அவற்றிற்கு நிழலும் நீரும் கிடைக்கின்றனவா என்று நோக்குவது காண்பவர் எவர்க்கும் இயலும் செயலே.

செய்ந்நன்றி அறிதலை வள்ளுவர் தனி அதிகாரமாக வகுத்தார். பேசத் தெரிந்த மனிதர் செய்த உதவியை நினைவூட்டப் பலர் உளர். வாயில்லா உயிர் செய்த உதவியைப் பிறரே நினைந்து பார்த்தல் வேண்டும். புரூக் அம்மையார் அந்நினைவோடு நின்றுவிடவில்லை. நினைவைக் கடிதமாக்கினார், கடிதத்தால் வந்த பொருளைக் கணக்கோடு காத்தார், பொருளைப் பணியாக்கினார், பணியை ஊராரின் கையில் ஒப்படைத்தார். கெய்ரோ நகரில் அவர் தொடங்கிய மருத்துவப் பணி இன்றும் நடைபெறுகின்றது. அவர் தேடிச் சென்ற போர்க்குதிரைகளுள் ஒன்றும் இன்று இல்லை. அவற்றின் நினைவாகப் பிறந்த பணியால் எத்தனையோ நாடுகளில் வண்டிக் குதிரைகளும் கழுதைகளும் வலி குறைந்து வாழ்கின்றன.